ஆங்கில யாப்பு: இணைய வகுப்பு காதிலிருந்து தொடங்கட்டும்

ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று சாசரைக் கொண்டாடிய ஜான் டிரைடனே, 1700இல் வெளியான தம் நூலின் முன்னுரையில், சாசரின் அடிகள் பலவற்றில் அரைச் சீரும் சில இடங்களில் முழுச் சீரும் குறைகிறது என்று எழுதினார். டிரைடன் யாப்பறியாதவர் அல்லர். அவர் காலத்து ஆங்கில யாப்பில் தேர்ந்த கை அவருடையது. அவருக்குத் தெரியாமல் போனது சாசர் காலத்து உச்சரிப்பு. பதினான்காம் நூற்றாண்டில் பல சொற்களின் ஈற்றில் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு மெல்லிய உயிரோசை பிற்காலத்தில் பேச்சிலிருந்து உதிர்ந்து, எழுத்தில் மட்டும் நின்றது. தாமஸ் டிர்விட் 1775 முதல் சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ நூலைப் பதிப்பித்தபோது அந்த ஓசையை மறுபடி ஒலிக்க வேண்டும் என்று காட்டினார்; நொண்டியதாகச் சொல்லப்பட்ட அடிகள் நிமிர்ந்து நடந்தன. கண்முன் இருந்த எழுத்துகள் ஏறக்குறைய அவையேதான். மாறியது அவற்றைக் கேட்ட காது. ஆங்கிலக் கவிதையின் மீட்டரை இணையவழியில் கற்பிக்கப் பாடம் அமைப்பவர்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய வரலாறு இது. ஒரு பெரும் கவிஞரையே எழுத்து ஏமாற்றியது என்றால், திரையில் ஓர் அடியை எழுதிக் காட்டி அதன்மேல் குறியிடச் சொல்வதால் மட்டும் மாணவருக்கு மீட்டர் வந்துவிடாது.

ஆனால் இன்று நடப்பது பெரும்பாலும் அதுதான். இணையத்தில் கிடைக்கும் யாப்புப் பாடங்களின் பொது வடிவத்தை எளிதில் சொல்லிவிடலாம்: அயம்பு, ட்ரோக்கி, அனபெஸ்ட், டாக்டில் என்று சீர்களின் பெயர்ப்பட்டியல், ஒவ்வொன்றுக்கும் மெலிவு, வலிவு குறிகள், ஒன்றிலிருந்து எட்டு வரை அடியளவின் கிரேக்கப் பெயர்கள், இறுதியில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். இப்படிப் படித்த மாணவர் பெயர்களை ஒப்பிப்பார், புதிய அடி ஒன்றைக் கொடுத்தால் திகைப்பார். பாடம் சலிப்பூட்டுகிறது என்று கண்ட வடிவமைப்பாளர்கள் புள்ளிகள், பதக்கங்கள், அசையும் படங்கள் என்று மேற்பூச்சு சேர்க்கிறார்கள். சலிப்பின் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. காதில் விழாத ஒன்றுக்குப் பெயர் சூட்டச் சொல்கிறோம். அதில் யாருக்கு ஆர்வம் வரும்? கேட்பது, தட்டுவது, வாய்விட்டுச் சொல்வது, அதன் பிறகே பெயரிடுவது என்று வரிசையை மாற்றினால் ஆர்வத்தைத் தனியே ஊட்ட வேண்டியதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இணையம் இந்த வரிசைக்கு வகுப்பறையைவிடப் பொருத்தமான இடம் என்றும் சொல்வேன்.

தமிழ் மாணவர்க்கு இதில் தனியான ஒரு சிக்கல் உண்டு. தமிழ் யாப்பை ஏறக்குறைய முழுவதும் எழுத்திலிருந்தே கணிக்கலாம். குறிலா நெடிலா, பின்னால் ஒற்று வருகிறதா என்று பார்த்தால் நேர், நிரை தெரிந்துவிடும். குற்றியலுகரம், ஐகாரக் குறுக்கம், அளபெடை போன்ற சில இடங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அதனால்தான் ‘அவலோகிதம்’ போன்ற மென்பொருள் ஒரு வெண்பாவை வாங்கிக்கொண்டு அசை, சீர், தளை என்று பிரித்துத் தந்துவிட முடிகிறது. ஆங்கில யாப்போ அழுத்தத்தின்மேல் நடப்பது; ஆங்கில எழுத்து அந்த அழுத்தத்தைக் காட்டுவதில்லை. ‘பெர்மிட்’ என்ற சொல் பெயராக வந்தால் முதல் சிலபிளிலும் வினையாக வந்தால் இரண்டாவதிலும் அழுத்தம் பெறும். எழுத்துக்கூட்டல் இரண்டுக்கும் ஒன்றுதான். தமிழில் அழுத்தத்தை மாற்றிச் சொன்னால் சொல்லின் பொருள் மாறுவதில்லை. ஆகவே அதைக் கவனிக்கும் பழக்கமும் நமக்குத் தேவைப்பட்டதில்லை. போதாக்குறைக்கு, நாம் பேசும் ஆங்கிலத்தில் ‘த’, ‘ஆஃப்’, ‘டு’ போன்ற சிறு சொற்களுக்கும் முழு உயிரோசை கொடுத்துவிடுகிறோம். மெலிய வேண்டியவை மெலியாதபோது வலிவானவை எழுந்து தெரிவதில்லை.

அழுத்தம் என்பது எது என்பதிலேயே பாடங்கள் பல தவறுகின்றன. உரக்கச் சொல்லுங்கள் என்று மாணவரிடம் சொல்கிறார்கள். லண்டனில் டென்னிஸ் ஃப்ரை 1955இலும் 1958இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தீர்த்துவைத்து வெகுகாலம் ஆகிறது. ‘பெர்மிட்’ போன்ற பெயர்–வினை இணைகளை எடுத்து, செயற்கைக் குரலில் ஒலியின் நீளத்தையும் வலுவையும் சுருதியையும் தனித்தனியே மாற்றிக் கேட்பவர்களிடம் காட்டினார் அவர். அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேட்பவர் முடிவு செய்வதில் ஓசையின் உரப்பைவிட அதன் நீளமும் சுருதி மாற்றமும் அதிகம் வேலை செய்தன. ஆகவே திரையில் ஒரு சிலபிளைத் தடித்த எழுத்தில் காட்டுவது, மாணவர் தேட வேண்டிய பொருளையே மறைத்துவிடுகிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பிராட்’ என்ற இலவச மென்பொருள் குரலின் சுருதிக்கோட்டையும் நீளத்தையும் வரைந்து காட்டும். இத்தகைய வரைபடத்தை ஒரு முறை பார்த்தாலே, எழுந்து நிற்கும் சிலபிள் எதனால் எழுகிறது என்பது விளங்கும். பிறகு படத்தை அகற்றிவிட்டுக் காதை நம்பலாம்.

சிறுவயதில் பழகாத காதுக்கு இது வருமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரெஞ்சு மொழியிலும் அழுத்தம் சொற்பொருளைப் பிரிப்பதில்லை. இமானுவேல் டுப்பூவும் அவர் குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தத்தால் மட்டும் வேறுபட்ட பொய்ச்சொற்களைப் பிரித்தறிவதில் பிரெஞ்சுக்காரர்கள் ஸ்பானியர்களைவிட மிகவும் தடுமாறினார்கள். ஸ்பானிய மொழியைப் பிற்காலத்தில் நன்கு கற்ற பிரெஞ்சுக்காரர்களிடமும் இந்தத் தடுமாற்றம் நீடித்தது என்று 2008இல் அதே குழு காட்டியது. இதைப் படிப்பவர் மனம் தளரக்கூடும். ஆனால் அந்த முதல் ஆய்விலேயே ஒரு நம்பிக்கை இருக்கிறது. இரண்டு ஒலிகளை மட்டும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்து ஒன்றா வேறா என்று கேட்டபோது பிரெஞ்சுக்காரர்களும் நன்றாகவே சொன்னார்கள். நினைவில் சுமக்க வேண்டியது கூடியபோதுதான் தவறினார்கள். காது கேட்காமல் இல்லை. கேட்டதை மனம் பிடித்து வைப்பதில்லை. பாடம் அமைப்பவருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் தேவையில்லை: ஒலித்துண்டு சிறிதாக இருக்கட்டும், ஒரு நேரத்தில் ஒரே வேறுபாடு வரட்டும், எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கும் வசதி இருக்கட்டும். நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்பில் ஆசிரியர் ஓர் அடியைப் பதினைந்து முறை சொல்ல முடியாது. அலைபேசி சொல்லும். ஒரே குரலைப் பழக்கக் கூடாது என்பதற்கும் சான்று உண்டு: ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் ர, ல ஓசைகளைப் பயிற்றுவித்த லைவ்லி, லோகன், பிசோனி ஆகியோர், பல குரல்களில் பயின்றவர்களே புதிய குரலிலும் வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள் என்று 1993இல் காட்டினார்கள்.

இந்த நோக்கில் இப்போது இணையத்தில் இருப்பவற்றைப் பார்க்கலாம். வர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெர்பர்ட் டக்கரின் முயற்சியில் உருவான ‘ஃபார் பெட்டர் ஃபார் வெர்ஸ்’ என்ற தளம் இத்துறையில் முன்னோடி. கவிதையின் ஒவ்வொரு சிலபிளுக்கு மேலும் மாணவர் குறியிடலாம், சீர்களைப் பிரிக்கலாம், மீட்டரின் பெயரைச் சொல்லலாம். ஒவ்வொரு படியிலும் சரியா தவறா என்று உடனே தெரியும். கவிதைகள் எளிதிலிருந்து கடினம் வரை வரிசைப்பட்டிருக்கின்றன. உரை கேட்பதைவிடச் செய்து பார்ப்பதே மேல் என்பதை இத்துறையில் நிலைநாட்டியது இந்தத் தளம். ஆனால் இதுவும் குறியிடுதலைச் சுற்றியே அமைந்தது. காது பழகியவருக்கே முழுப் பயன் தரும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ‘பென்சவுண்ட்’, ஆண்ட்ரூ மோஷனும் ரிச்சர்ட் கேரிங்டனும் தொடங்கிய ‘பொயட்ரி ஆர்க்கைவ்’ ஆகிய ஒலிக்காப்பகங்கள் 2005 முதல் கவிஞர்களின் குரல்களைத் திறந்து வைத்திருக்கின்றன. அங்கே குரல் இருக்கிறது, பயிற்சி இல்லை. அதே பல்கலைக்கழகத்தின் ஆல் ஃபில்ரைஸ் 2012இல் கோர்செராவில் தொடங்கிய நவீன அமெரிக்கக் கவிதை வகுப்பில் முதல் ஆண்டே 30,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அதன் மையம் ஆசிரியரும் சில மாணவர்களும் மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு கவிதையை விவாதிக்கும் காணொளி. மீட்டர் அதன் பாடமல்ல. எனினும் பல பேர் குரல் கொடுத்து ஓர் அடியைப் பற்றிக் கருத்து வேறுபடுவதை மக்கள் ஆவலோடு பார்ப்பார்கள் என்பதை அது மெய்ப்பித்தது. ஒலி, பயிற்சி, விவாதம் என்ற மூன்றும் மூன்று இடங்களில் கிடக்கின்றன. ஒன்று சேர்ப்பதே நம் வேலை.

சேர்த்தால் ஒரு பாடம் எப்படி நடக்கும் என்பதை, இதற்கென்றே எழுதிய மூன்று சாதாரண ஆங்கில வாக்கியங்களில் பார்ப்போம். முதலாவது: ‘த டிரெய்ன் ஃப்ரம் சேலம் ரீச்ட் த டவுன் அட் டென்.’ பத்து சிலபிள். டிரெய்ன், சே, ரீச்ட், டவுன், டென் என்ற ஐந்தும் இயல்பான பேச்சிலேயே எழுகின்றன. இடையில் இருப்பவை தாழ்கின்றன. இதை எழுத்தின்றிக் கேட்டு, ஐந்து இடத்தில் திரையைத் தட்டச் சொல்லலாம். இரண்டாவது: ‘த டிரெய்ன் வாஸ் வெயிட்டிங் இன் த ரெய்ன் ஃபார் அஸ்.’ இதற்கும் பத்து சிலபிள்தான். ஆனால் மூன்றாவது தட்டு ‘இன்’ மீது விழ வேண்டியிருக்கிறது; பேச்சிலோ அது ஒரு சொத்தைச் சொல். இங்கே மாணவர் தடுமாறுவார், தடுமாற வேண்டும். மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1900இல் சொன்ன விளக்கம் அப்போது அவருக்குத் தேவைப்படும்: அழுத்தம் இரண்டு நிலை அல்ல, பல நிலை, ஒரு சிலபிள் தன் அக்கம்பக்கத்தைவிடச் சற்றே எழுந்தால் மீட்டருக்கு அது போதும். ‘இன்’ தன் இருபுறமும் உள்ளவற்றைவிட ஓர் இழை கூடுதல், அதனால் தாங்கிக்கொள்கிறது. மூன்றாவது: ‘லேட் இன் த நைட் த டிரெய்ன் அரைவ்ட் அட் லாஸ்ட்.’ இதில் முதல் சிலபிளே ஓங்கி விழுகிறது. எதிர்பார்த்த நடை தலைகீழாகித் திரும்பச் சேர்கிறது. கர்நாடக சங்கீதம் கற்பவர் கையில் தாளம் மாறாமல் போட்டுக்கொண்டு, பாட்டின் சொல் அதற்கு முன்னோ பின்னோ விழுவதை உணர்வதைப் போன்ற அனுபவம் இது. தாளம் மீட்டர், பாட்டு பேச்சின் ஓட்டம். இரண்டையும் ஒருசேரக் கேட்கத் தொடங்கிய கணத்தில்தான் மாணவர் ஆங்கில யாப்புக்குள் வருகிறார். அதற்கு முன் அயம்பு என்ற பெயரால் அவருக்கு ஆவது ஒன்றுமில்லை.

சீர் பிரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பதற்கு மற்றொரு காரணமும் அந்த முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. பள்ளிமுறைப்படி பிரித்தால் ‘சே’ இரண்டாம் சீரின் முடிவிலும் ‘லம்’ மூன்றாம் சீரின் தொடக்கத்திலும் போய்விடும். தமிழில் இப்படிச் சொல் பிளப்பதை வகையுளி என்று தனிப்பெயரிட்டு ஒரு விலக்காக வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் இது அடிக்கு அடி நடப்பது. சீரின் எல்லை காதுக்குக் கேட்பதில்லை; அது ஆய்வாளர் வசதிக்காகப் போட்ட கோடு. டெரக் ஆட்ரிட்ஜ் 1982இல் எழுதிய ‘த ரிதம்ஸ் ஆஃப் இங்கிலிஷ் பொயட்ரி’ என்ற நூல் இதனாலேயே சீரை ஒதுக்கி, தட்டும் தட்டிடையும் என்ற இரண்டை வைத்து ஆங்கில யாப்பை விளக்கியது. நாட்டார் கதைப்பாடல், குழந்தைப் பாட்டு ஆகியவற்றின் நான்கு தட்டு நடை ஒரு பக்கம், ஷேக்ஸ்பியரும் மில்டனும் கையாண்ட ஐந்து தட்டு நடை மறுபக்கம் என்று அவர் பிரித்துக் காட்டியது பாட வரிசைக்கு மிகவும் உதவும். நான்கு தட்டு உடலில் தானே ஏறும். யாரும் கற்பிக்க வேண்டாம். ஐந்து தட்டு அப்படிக் கும்மி கொட்டாது, பேச்சுக்கு அருகில் நிற்கும். ஆகவே நான்கில் தொடங்கி ஐந்துக்கு வருவதே சரி.

தேர்வில் சீர்தானே கேட்கிறார்கள், பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஆட்ரிட்ஜ் இல்லையே என்பார்கள். சீரைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் வாரத்தில் கற்பியுங்கள் என்கிறேன். சீரின் பெயர்களில் ஐந்நூறு ஆண்டு விமர்சன மரபு தங்கியிருக்கிறது. அந்தப் பெயர்கள் இல்லாமல் பழைய உரைகளைப் படிக்க முடியாது. ஆனால் கிரேக்கத்தில் குறில், நெடில் அளவைக் குறித்த பெயர்களை ஆங்கிலேயர்கள் அழுத்தத்துக்குப் பொருத்திக்கொண்டார்கள். அந்தப் பொருத்தம் முழுமையானதாக ஒருபோதும் இருந்ததில்லை. மெரடித் மார்ட்டின் 2012இல் எழுதிய ‘த ரைஸ் அண்ட் ஃபால் ஆஃப் மீட்டர்’ நூலைப் படிப்பவர், 1860க்கும் 1930க்கும் இடையே இங்கிலாந்திலேயே மீட்டர் என்றால் என்ன என்பது எவ்வளவு பெரிய சண்டைக்குரிய பொருளாக இருந்தது என்று காண்பார். நாம் பட்டியலாக மனப்பாடம் செய்யவைப்பது ஒரு காலத்தின் சமரசத்தை. மாணவரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிட்டால் அவர் ஆர்வம் கூடவே செய்யும்.

இனி ஆர்வம் என்பதையே சற்று ஆராய வேண்டும். எட்எக்ஸ் தளத்தின் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்து பிலிப் குவோவும் பிறரும் 2014இல் வெளியிட்ட கட்டுரை, காணொளி எவ்வளவு நீளமானாலும் பார்ப்பவர் சராசரியாக ஆறு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை என்று கண்டது. அதன் பிறகு ஆறு நிமிடக் காணொளி என்பது ஒரு வேதவாக்காகவே ஆகிவிட்டது. ஆனால் அந்த ஆய்வு அளந்தது பார்த்த நேரத்தை; கற்றதை அல்ல. கென்னத் கோடிங்கரும் குழுவினரும் 2015இல் ஓர் உளவியல் இணைய வகுப்பை ஆராய்ந்தபோது, கூடுதலாகப் பயிற்சி செய்வது கூடுதலாகப் பார்ப்பதையும் படிப்பதையும்விடக் கற்றலோடு ஆறு மடங்குக்கு மேல் தொடர்புற்றிருந்தது. ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் லூயி டெலோரியேவும் பிறரும் 2019இல் கண்டது இன்னும் கவனிக்கத்தக்கது: தாங்களே முயன்று கற்ற மாணவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள், சரளமான விரிவுரை கேட்டவர்கள் நிலை இதற்கு நேர்மாறு. கோர்னெல்லும் பியார்க்கும் 2008இல் ஓவியர்களின் பாணியைக் கற்பித்துப் பார்த்தார்கள். ஒருவரின் ஓவியங்களை மொத்தமாகப் பார்த்தவர்களைவிடப் பலரையும் கலந்து பார்த்தவர்கள் புதிய ஓவியங்களை நன்றாக இனங்கண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரோ மொத்தமாகப் பார்த்ததே நல்லது என்று நம்பினார்கள். கவிதை நடையை அறிவதும் பாணியை அறிவதுதான். ஒரு வாரம் அயம்பு, மறுவாரம் ட்ரோக்கி என்று பிரித்துக் கற்பிப்பது மாணவருக்குச் சுகமாக இருக்கும், பயன் தராது. நட்சத்திரக் குறி போட்டு வாங்கும் கருத்துப் படிவத்தை மட்டும் நம்பிப் பாடத்தைத் திருத்துபவர்கள் தவறான திசையில் போவார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமான எதிர்வாதம் திருத்தம் பற்றியது. மீட்டரில் பல அடிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான வாசிப்பு உண்டு. கணினியோ ஒரே விடையைக் கேட்கும். சார்ல்ஸ் ஹார்ட்மன் எழுதிய ‘ஸ்கேண்ட்ராய்டு’, ஸ்டான்ஃபோர்டில் உருவான ‘ப்ரொசாடிக்’ போன்ற நிரல்கள் ஓர் அடியைத் தாமே அலகிடும். இத்தகைய கருவிகள் சில நாடும் கார்னகி மெலன் உச்சரிப்பு அகராதியில் 1,34,000க்கு மேற்பட்ட சொற்கள் அழுத்தக் குறியோடு இருக்கின்றன. ஆனால் அவை வட அமெரிக்க உச்சரிப்புக்கு உரியவை. ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘ரெவின்யூ’, ‘ஆஸ்பெக்ட்’ போன்ற சொற்களின் அழுத்தம் இரண்டாம் சிலபிளில் விழுந்ததை அகராதி அறியாது. டிரைடனின் பிழையை எந்திரம் தன் வேகத்தில் திரும்பச் செய்யும். இங்கே விமர்சகர்கள் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1959இல் வற்புறுத்திய பிரிவினை கைகொடுக்கிறது: மீட்டர் என்பது அருவமான ஒரு வரைவு, ஒருவர் வாசிக்கும் விதம் வேறு. வரைவுக்கு விடை உண்டு, எந்திரம் திருத்தட்டும். வாசிப்புக்குத் தீர்ப்பு எழுத வேண்டியது மனிதர். மாணவர் தன் வாசிப்பைப் பதிவு செய்து அனுப்பியதும், அதே அடியை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்ன பதிவுகளைத் திறந்து காட்டி, எது எந்தப் பொருளை முன்னிறுத்துகிறது என்று இரண்டு வரியில் எழுதச் சொல்லலாம். சரி, தவறு என்ற சிவப்பு, பச்சை விளக்கைவிட இந்த ஒப்பீடே கற்பிக்கும்.

யாருடைய உச்சரிப்பை அளவுகோலாக வைப்பது என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் பேசும் ஆங்கிலம் குறையுள்ள ஆங்கிலம் அல்ல. அதைத் திருத்துவது யாப்பு வகுப்பின் வேலையும் அல்ல. ஒரு கவிஞர் எந்த ஒலியை மனத்தில் வைத்து எழுதினார் என்பதைக் கேட்டறிவதே நோக்கம். பதினேழாம் நூற்றாண்டு லண்டன் ஒலி இன்றைய லண்டன்காரருக்கும் அந்நியமானதே. பதிவுகளில் இந்தியர், கரீபியர், ஸ்காட்லாந்தியர் என்று பல குரல்களைச் சேர்த்தால் இது தானே விளங்கும். ஒன்றாகக் கூடி உரக்கச் சொல்லும் வகுப்பறை மகிழ்ச்சி இணையத்தில் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பலர் நடுவில் வாய் திறக்கக் கூசும் மாணவர், தனியறையில் பத்து முறை சொல்லிப் பார்த்துப் பதினொன்றாவதை அனுப்புவார். அந்தப் பத்து முறைதான் பாடம். இதற்குப் பெரிய செலவும் இல்லை. பத்து நொடிக் குரல்பதிவு எந்தச் சாதாரண அலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் போகும். இணைப்பு மெலிந்த ஊர்களில் காணொளியைவிட அதுவே ஏறும். புதுக்கவிதைக் காலத்தில் மீட்டர் எதற்கு என்பவர்களுக்கு, மிகத் தளர்வான கட்டற்ற கவிதைக்குப் பின்னாலும் ஏதோ ஒரு மீட்டர் மறைந்து நிற்க வேண்டும் என்று டி.எஸ். எலியட் 1917லேயே வாதாடியதை நினைவூட்டினால் போதும்.

இவ்வளவும் செய்தாலும் தேர்வு மாறாவிட்டால் வகுப்பு மாறாது. ஓர் அடியை அச்சிட்டுக் கொடுத்து அதன் மீட்டரின் பெயரை எழுதச் சொல்லும் இரண்டு மதிப்பெண் வினா இருக்கும் வரை, மாணவர் பெயர்ப்பட்டியலைத்தான் படிப்பார். அவரைக் குறைசொல்லவும் முடியாது. ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உள்மதிப்பீட்டில் ஒரே ஒரு பகுதியை ஒலிக்கு ஒதுக்குங்கள். மாணவர் முன்பின் பார்த்திராத நான்கு அடிகளை வாசித்துப் பதிவு செய்து, எந்த இடத்தில் பேச்சு மீட்டரோடு முரண்படுகிறது, அங்கே தன் குரலை ஏன் அப்படி வைத்தேன் என்று ஒரு பத்தி எழுதட்டும். அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.